எந்த மரபணு என்று முதலில் கேளுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐந்து பக்கக் கடிதம். சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

"டொக்டர் ஐயா, என் கணவருக்கு 46 வயது. 33 வயதில் காலையில் எழும்பி நடக்கும்போது இடது பாதம் உள்ளுக்குத் திருகத் தொடங்கியது. மூட்டு என்றார்கள், நரம்பு இழுப்பு என்றார்கள். 36 வயதில்தான் பார்க்கின்சன் என்று கண்டுபிடித்தார்கள். லெவோடோபா குளிசை தொடங்கியதும் பழைய ஆளாக நடந்தார். பத்து வருடம் ஆகிவிட்டது. இப்போது ஒரு நாளைக்கு ஆறு தரம் மருந்து. மருந்து பிடித்தால் உடம்பு நெளிகிறது, ஒரு இடத்தில் இருக்க ஏலாது. விட்டால் கட்டிலில் திரும்பிப் படுக்கவும் நான்தான் பிடிக்க வேண்டும். அவருடைய அப்பாவும் அம்மாவும் சொந்த மச்சான் மச்சாள். சென்னையில் காட்டியபோது மரபணுப் பரிசோதனை செய்து 'பார்க்கின்' என்று சொன்னார்கள். மூளைக்குள் கம்பி வைக்கும் டி.பி.எஸ். செய்யலாமாம். என் மாமா 'பரம்பரை வருத்தத்துக்குக் கம்பி போட்டு என்ன வரப்போகுது' என்கிறார். கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குச் செய்தார்கள். கை நடுக்கம் நின்றுவிட்டது. ஆனால் நான்கு வருடத்தில் வீட்டுக்கு வருகிற வழியே அவருக்கு மறந்துபோய்விட்டது. இவருக்கும் அப்படி ஆகுமா? பத்துப் பதினைந்து வருடம் கழித்து எப்படி இருப்பார்? 17 வயது மகளுக்கும் வருமா? நாங்களும் தூரத்துச் சொந்தம்தான். பின்குறிப்பு: இப்போதெல்லாம் இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் கடைக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். சுவீப் டிக்கெட் கட்டுக்கட்டாக வாங்குகிறார். கவலையில் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். நாட்டு வைத்தியர் கொடுத்த பூனைக்காலித் தூளும் எடுக்கிறார்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிக அவசரமான விஷயம் பின்குறிப்பில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மாமாவின் கேள்வி. ஏனென்றால் அவர் மட்டுமல்ல, என் கிளினிக்கில் உட்காருகிற பாதிப் பேர் அதையே கேட்கிறார்கள்.

பரம்பரை என்றால் சிகிச்சை பிடிக்காது என்று ஒரு எண்ணம் நம்மிடம் உண்டு. இரத்தத்திலேயே இருக்கிறதை யாரால் மாற்ற முடியும் என்று. உண்மைதான், டி.பி.எஸ். மரபணுவைத் தொடாது. ஆனால் பரம்பரையாக வராத பார்க்கின்சனிலும் அது வருத்தத்தின் வேரைத் தொடுவதில்லையே. மூளையின் அடியில் சப்தலாமிக் கரு என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. மைசூர்ப் பருப்பின் வடிவம், நீளம் ஒரு சென்ரிமீற்றரளவு. அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற மூளை இரசாயனம் பார்க்கின்சனில் குறையும். அது குறைந்தால் இந்தப் பகுதி தறிகெட்டு வேலை செய்யத் தொடங்கும். ஒன்றேகால் மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு மின்முனையை அதற்குள் வைத்து, நொடிக்கு 130 தரம் போல மெல்லிய மின்துடிப்புக் கொடுத்தால் அந்தத் தறிகெட்ட தாளம் அடங்கும். கழுத்தடியில் இருக்கும் காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பற்றரி இருக்கும். அவ்வளவுதான் விஷயம். பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனபிட் என்ற சத்திர சிகிச்சை நிபுணரும் அவருடைய குழுவினரும் 1987 இல் நடுக்கத்துக்காக இதைத் தொடங்கினார்கள். 1993 இல் சப்தலாமிக் கருவுக்கு வந்தார்கள். அன்றைக்கு யாருக்கு எந்த மரபணு என்று எவருக்கும் தெரியாது. பார்க்கின்சனோடு தொடர்புள்ள முதல் மரபணு மாற்றமே 1997 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, ஒரு இத்தாலியக் குடும்பத்தில். ஆக, இந்தச் சிகிச்சையின் ஆரம்பக் காலத்தில் பரம்பரை வருத்தக்காரரும் மற்றவரும் கலந்தேதான் மேசையில் படுத்தார்கள்.

மாமாவுக்கு இப்படிச் சொல்லுங்கள்: "பரம்பரையா" என்பது அரைக் கேள்வி. "எந்த மரபணு" என்பதுதான் முழுக் கேள்வி.

கொட்டாஞ்சேனைக்காரரை நான் பார்த்ததில்லை. அவருக்கு ஏன் அப்படி ஆனது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. வயது கூடியிருக்கலாம், ஒப்பரேசனுக்கு முன்பே ஞாபகம் தளர்ந்திருக்கலாம், பார்க்கின்சன் தன் பாதையில் போயிருக்கலாம். ஆனால் மறதி விஷயத்தில் நாங்கள் தனியாகக் கவனிக்கிற ஒரு மரபணு இருக்கிறது, ஜி.பி.ஏ. என்று பெயர். கோஷே நோய் என்று ஒரு அரிய வருத்தம் உண்டு. அதைக் கொண்டுவருகிற மரபணுதான் இது. எந்த மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். இதில் ஒற்றைப் பிரதி மட்டும் மாறியிருந்தால் கோஷே வராது, ஆனால் பார்க்கின்சன் வரும் வாய்ப்புக் கூடும். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு, ஒப்பரேசன் செய்தாலும் செய்யாவிட்டாலும், சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறையும். 2022 இல் 366 பேரை நான்கு கூட்டமாகப் பிரித்துப் பார்த்த ஒரு ஆய்வு வந்தது: மரபணுவும் ஒப்பரேசனும் உள்ளவர்கள், மரபணு மட்டும், ஒப்பரேசன் மட்டும், இரண்டும் இல்லாதவர்கள். மிக வேகமாகச் சறுக்கியது முதல் கூட்டம். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை, அதனால் காரணம் கம்பிதான் என்று அடித்துச் சொல்ல ஏலாது. அந்தக் கூட்டத்திலும் கை கால் அசைவுக்குப் பலன் கிடைக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் ஜி.பி.ஏ. உள்ள ஒருவர் என்னிடம் வந்தால் நான் இரண்டு தரம் யோசிப்பேன். ஞாபகப் பரிசோதனையை ஆறு மாத இடைவெளியில் திரும்பச் செய்யச் சொல்வேன். சப்தலாமிக் கருவை விட்டுவிட்டுக் குளோபஸ் பல்லிடஸ் என்ற மற்ற இடத்தில் வைக்கலாமா என்று சத்திர சிகிச்சைக் குழுவோடு பேசுவேன். அங்கே வைத்தால் குளிசையை அவ்வளவு குறைக்க முடியாது, ஆனால் புத்தி, மனநிலை இரண்டுக்கும் கொஞ்சம் மென்மை என்று ஒரு அபிப்பிராயம் எங்களிடையே உண்டு.

உங்கள் கணவருக்கு வந்திருப்பது அது இல்லை. பார்க்கின் என்ற வேறு மரபணு. இதை 1998 இல் ஜப்பானியக் குடும்பங்களில் கண்டுபிடித்தார்கள். 40 வயதுக்கு முன் தொடங்கும் பார்க்கின்சனில், இரு பிரதியும் பழுதானால் வரும் வகைகளில் அதிகம் காண்பது இதைத்தான். உயிரணுவுக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணிகள் பழுதாகும்போது அவற்றைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்துகிற வேலை, இந்த மரபணு உண்டாக்கும் புரதத்துடையது. வீட்டுக் குப்பையை யாரும் எடுக்காமல் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் டோபமின் உயிரணுக்களுக்கும் ஆகிறது.

உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்துப் பார்த்தேன். இளவயது, காலையில் பாதம் திருகுவது, சிறிய அளவு மருந்துக்கே அபாரமாகப் பிடித்தது, பிறகு சீக்கிரமே நெளிவு வந்தது, பதின்மூன்று வருடம் கழிந்தும் கடைக் கணக்கைத் தானே பார்க்கிற தெளிவு. பரிசோதனை அறிக்கை இல்லாமலே "பார்க்கினாக இருக்கலாம்" என்று நான் எழுதியிருப்பேன்.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. வழமையான பார்க்கின்சனில் மூளை உயிரணுக்களுக்குள் லூவி உருண்டைகள் என்ற புரதக் கட்டிகள் சேரும். வருடம் போகப் போக அவை மேல்மூளைக்கும் பரவும். மறதி நோய் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. பார்க்கின் மாற்றத்தோடு இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தபோது பலரிடம் இந்த உருண்டைகள் இல்லை. டோபமின் உயிரணுக்கள் மட்டும் அழிந்திருந்தன. அதனால்தான் இருபது முப்பது வருடம் இந்த வருத்தத்தோடு வாழ்ந்தவர்கள்கூடப் பேத்தியின் பிறந்த நட்சத்திரத்தை மறக்காமல் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைக்காரரின் கதையை உங்கள் கணவரின் சாதகமாக வாசிக்காதீர்கள்.

சரி, பார்க்கின் உள்ளவர்களுக்கு டி.பி.எஸ். செய்து நீண்ட காலம் பார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு ஆய்விலும் ஆட்கள் சிலரே. அரிய மரபணு, அதில் ஒப்பரேசன் செய்தவர்கள் இன்னும் அரிது. கிடைத்திருப்பவை ஒரே பக்கம்தான் சாய்கின்றன: பலன் மற்றவர்களுக்குக் கிடைப்பது போலவே கிடைக்கிறது, வருடக்கணக்கில் நிற்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது. எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணுவின் பரவலான வகைக்கும் இதே நல்ல செய்திதான். வட ஆப்பிரிக்காவில் அது அதிகம், நம் பகுதியில் மிக அரிது. மாறாக, சினுக்ளின் மரபணு இரட்டித்தவர்களுக்கு ஆரம்பப் பலன் நன்றாக இருந்தாலும் மறதியும் மனக்குழப்பமும் விரைவில் வந்து அதை மூடிவிடலாம். ஒரே பெயருள்ள ஒரே ஒப்பரேசன், மரபணுவுக்கு மரபணு வேறு கதை.

மொத்தமாக, எல்லாப் பார்க்கின்சன்காரரையும் சேர்த்துப் பார்த்த நீண்டகால ஆய்வுகளில் இரண்டு உங்களுக்குத் தெரிய வேண்டும். 2003 இல் கிரெனோபிள் குழு 49 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து எழுதியது. ஐந்தாம் வருடத்திலும், மருந்து இல்லாத நிலையில் அசைவுக் குறைபாடு ஒப்பரேசனுக்கு முன்பிருந்ததைவிட 54 சதவீதம் குறைவாக இருந்தது. நடுக்கமும் விறைப்பும் மிக நன்றாகக் கட்டுப்பட்டிருந்தன. ஆனால் பேச்சு, நடையில் கால் ஒட்டிக்கொள்வது, நிலை தடுமாறுவது ஆகிய மூன்றும், மருந்து பிடித்திருக்கும் நேரத்தில்கூட, முன்னைவிட மோசமாகியிருந்தன. அப்புறம் 2021 இல் வெளிவந்த ஒன்று, 51 பேர், சராசரியாக 17 வருடம். நெளிவு நேரம் முக்கால் பங்கு குறைந்திருந்தது. மருந்து விட்டுப்போகும் நேரம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மருந்தின் அளவும் பாதிதான். 17 வருடம் கழித்து! ஆனால் இவர்கள் அத்தனை வருடம் உயிரோடு இருந்து கிளினிக்குக்கு வந்தவர்கள், வராமல் போனவர்களின் கதை இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இதிலிருந்து உங்கள் "பத்துப் பதினைந்து வருடம்" கேள்விக்கு என் பதில்: இன்று குளிசை சரிசெய்கிற பெரும்பாலானவற்றைக் கம்பி நீண்ட காலத்துக்குச் சரிசெய்யும். குளிசை பிடித்த உச்ச நேரத்திலும் சரியாகாத எதையும் கம்பியும் சரிசெய்யாது. நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, குளிசைக்கு அடங்காத நடுக்கமும் கம்பிக்கு அடங்கும். அதனால்தான் ஒப்பரேசனுக்கு முன் லெவோடோபாச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். இரவு முழுதும் மருந்து இல்லாமல் வைத்து, காலையில் புள்ளி போடுவார்கள், பிறகு மருந்து கொடுத்து மறுபடி புள்ளி போடுவார்கள். மூன்றில் ஒரு பங்காவது முன்னேற்றம் வேண்டும். உங்கள் கணவருக்கு அதைவிட எவ்வளவோ கூட வரும் என்று நினைக்கிறேன். அந்தக் காலை உங்களுக்குக் கொடுமையாக இருக்கும், அவரை அந்த நிலையில் பார்ப்பது. மகளை அன்றைக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

அந்தச் சோதனைக்கு முன் பூனைக்காலித் தூளை நிறுத்தச் சொல்லுங்கள். நாட்டு மருந்தை நான் இளக்காரமாகப் பேசவில்லை. பூனைக்காலி விதையில் இருப்பது உண்மையான லெவோடோபாவேதான், நம் முன்னோர் கம்பவாதத்துக்கு அதைக் கொடுத்தது சும்மா இல்லை. ஆனால் ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் என்று யாருக்குத் தெரியும்? ஆறு தரம் குளிசை, மேலே தூள். நெளிவில் ஒரு பங்கு அந்தத் தூளால் வருவதாகவே இருக்கலாம். எடுப்பதைச் சென்னை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். ஏசினால் ஏசட்டும்.

இப்போது பின்குறிப்பு.

இரவு இரண்டு மணிக்குக் கணக்குப் பார்ப்பது, சுவீப் டிக்கெட் கட்டுக்கட்டாக வாங்குவது. இவை கவலை இல்லை, சகோதரி. நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டில் பிரமிபெக்சோல் இருக்கிறது, மூளையில் டோபமின் போல வேலை செய்கிற மருந்து. இந்த வகை மருந்துகள் சிலருக்கு மனத்தின் கடிவாளத்தைத் தளர்த்திவிடும். சூதாட்டம், கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவது, அளவுக்கு மிஞ்சிய சாப்பாடு, பாலுணர்வு கூடுவது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது என்று பல வடிவம். இளவயதில் வருத்தம் தொடங்கிய ஆண்களிடம் அதிகம் பார்க்கிறோம். வெளிநாட்டில் காசினோவில் போய் விழுவார்கள், நம் ஊரில் சந்திக்குச் சந்தி லொத்தர்க் கடை. என்னிடம் வந்த ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று தையல் மெஷின் வாங்கினார். அவர் தைப்பவர் இல்லை. வீட்டில் யாரும் தைப்பவர் இல்லை. மனைவி அதைச் சொல்லவே வெட்கப்பட்டார், நான் வேறு எதையோ கேட்கப் போய் வெளியே வந்தது.

இது அவருடைய குணம் இல்லை, மருந்தின் வேலை. அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் பதற்றமும் கடும் மனச்சோர்வும் வரும். எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் இந்த வாரமே போய், படிப்படியாக இறக்கச் சொல்லுங்கள். ஒப்பரேசனுக்கு முன்பே இதைச் சொல்லியாக வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சப்தலாமிக் கருவைத் தூண்டும்போதும் சிலருக்கு ஆரம்ப மாதங்களில் கட்டுப்பாடு தளரும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: மருந்தை ஒரேயடியாக வெட்டினால் மனம் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் போய்விடும். ஒப்பரேசனுக்குப் பிறகு தற்கொலை எண்ணம் வந்தவர்களும் உண்டு. பயமுறுத்த எழுதவில்லை. கை கால் நன்றாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் முகத்தைப் பார்க்க மறந்துவிடுவோம், அதற்காக எழுதுகிறேன். முதல் வருடம் அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, பேசுகிறாரா என்று பாருங்கள். மாற்றம் தெரிந்தால் வைத்தியரைக் கூப்பிடுங்கள், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமே. மூளையில் இரத்தக் கசிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரலாம், அதில் சிலருக்குத்தான் நிலையான பாதிப்பு. தொற்று நூற்றுக்குச் சிலருக்கு. சர்க்கரை வியாதி இருந்தால் முதலே கட்டுப்படுத்துங்கள். எடை கூடும். பேச்சு கொஞ்சம் குழறலாம். கடையில் வாடிக்கையாளரோடு பேசிப் பிழைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உங்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. ஒப்பரேசன் சென்னையில், சரி. அதற்குப் பிறகு யார் பார்ப்பது? கம்பி வைத்ததோடு வேலை முடிவதில்லை, தொடங்குகிறது. எந்த முனையில், எத்தனை வோல்ற்றில் என்று பிடித்துப் பிடித்துப் பார்க்க முதல் ஆறு மாதத்தில் பல தரம் போக வேண்டிவரும். பார்க்கின் உள்ளவர்களுக்கு இதில் இன்னும் பொறுமை வேண்டும். அவர்களுக்கு மருந்தில் மட்டுமல்ல, தூண்டலிலும் நெளிவு இலகுவாக வரும், ஆகவே துளித்துளியாகத்தான் கூட்ட வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து சென்னை ஒன்றரை மணித்தியாலம்கூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் கடையைப் பூட்டி, மகளை யாரிடமாவது விட்டு, ஒவ்வொரு தரமும் அங்கே அறை எடுத்துத் தங்கினால் கணக்கு வேறு. சில கருவிகளை இணையம் வழியாகத் தூரத்திலிருந்தே சரிசெய்யும் வசதி வந்துவிட்டது. உங்களுக்கு வைக்கப்போகும் கருவியில் அது இருக்கிறதா, அதே கருவியைக் கொழும்பில் கையாளத் தெரிந்த நரம்பியல் நிபுணர் யார் என்று திகதி எடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். நான் பார்த்த கசப்பான கதைகளில் பாதி ஒப்பரேசன் பிழையாகப் போனதால் வந்தவை இல்லை. நன்றாகச் செய்த ஒப்பரேசனைத் தொடர்ந்து பார்க்க ஆளில்லாமல் போனதால் வந்தவை.

பற்றரியும் அப்படித்தான். சாதாரண பற்றரி மூன்றிலிருந்து ஐந்து வருடம் போகும், பிறகு சின்ன ஒப்பரேசனில் மாற்ற வேண்டும். கைப்பேசி போல மின்னேற்றும் வகை 15 வருடமோ அதற்கு மேலோ போகும். 46 வயதுக்காரருக்கு முன்னால் முப்பது வருடமாவது இருக்கிறது, அதை வைத்துச் செலவைக் கணக்குப் போடுங்கள். மின்னேற்ற மறக்காத ஆள் வேண்டும். பற்றரி திடீரென்று இறந்தால் பழைய விறைப்பு முழு வேகத்தில் திரும்பும், வைத்தியசாலைக்கு ஓட வேண்டிவரும். 2022 இல் குளிசைக்கே பார்மசி பார்மசியாக அலைந்த நாடு இது. வீட்டில் குறைந்தது ஒரு மாத லெவோடோபா எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும், கம்பி வைத்த பிறகும்.

இன்னொன்று, எழுதாமல் விட்டால் மறந்துவிடுவேன். தோள்வலி, முதுகுவலி என்று உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போனால் டயதெர்மி என்ற சூடு கொடுக்கும் மெஷினை அவருக்கு ஒருபோதும் வைக்க விடாதீர்கள். கம்பி வழியாக அந்தச் சூடு மூளைக்குப் போகும், உயிராபத்து. எம்.ஆர்.ஐ. எடுப்பதென்றால் கருவியின் வகையைச் சொல்லி, அனுமதித்த முறையில் மட்டும். விமான நிலையத்தில் கருவி அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லலாம்.

மரபணு அறிக்கையைப் பற்றியும் ஒரு சின்னச் சந்தேகம். நீங்கள் "பார்க்கின் என்று வந்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பிரதியும் மாறியிருக்கிறதா, ஒன்றா? ஒன்று மட்டும் மாறியிருந்தால் அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்கள் பலரிடமும் ஒற்றை மாற்றம் இருக்கும். இந்த மரபணுவில் எழுத்துப்பிழை போன்ற சின்ன மாற்றங்களும் உண்டு, பக்கமே கிழிந்தது போல ஒரு துண்டு காணாமல் போவதும் உண்டு. வழமையான வாசிப்பில் கிழிந்த பக்கம் தவறிப்போகலாம், அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். அவருடைய பெற்றோர் சொந்த மச்சான் மச்சாள் என்பதால் இரு பிரதியிலும் ஒரே மாற்றம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் இரு பிரதியிலும் மாற்றம் (homozygous) என்ற சொல்லை அறிக்கையில் கண்ணால் பாருங்கள். ஜி.பி.ஏ.யும் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். மேலே எழுதிய நல்ல செய்தி எல்லாம் இந்த இரண்டு பதில்களில்தான் நிற்கிறது.

மாமன் மகளைக் கட்டுவதில் குற்றம் ஒன்றுமில்லை, நம் அப்பா அம்மாக்களில் எத்தனை பேர் அப்படி! பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பழுதுப் பிரதி இரண்டு பக்கத்தாலும் வந்து சேர்ந்தால்தான் சிக்கல். அப்பா, அம்மா இருவரும் ஒவ்வொரு பழுதுப் பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருத்தம் வர நாலில் ஒரு வாய்ப்பு. மாமியாரோடு இதை வைத்துச் சண்டை போடாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனால் உங்கள் கணவரின் தம்பி தங்கைகளில் யாருக்காவது காலையில் பாதம் திருகினால் மூட்டு வைத்தியரிடம் மூன்று வருடம் அலைய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

மகள். அறிக்கை இரு பிரதி என்று சொன்னால், அப்பாவிடமிருந்து ஒரு பழுதுப் பிரதி அவளுக்கு நிச்சயம் வந்திருக்கும். ஒற்றைப் பிரதியோடு இந்த வருத்தம் பொதுவாக வருவதில்லை. இரண்டாவது பிரதி வரக்கூடிய ஒரே வழி நீங்கள். தூரத்துச் சொந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. உங்களிடம் அந்த மாற்றம் இல்லையென்றால் மகளைப் பற்றிய பயத்தை அன்றோடு விட்டுவிடலாம், அவளிடம் இரத்தம் எடுக்கவே தேவையில்லை. கலியாணப் பேச்சு வரும் காலத்தில் அப்பா பக்கத்துச் சொந்தத்துக்குள் கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை யோசித்தால் போதும். உங்களிடமும் இருந்தால் அவளுக்குப் பாதிக்குப் பாதி. அப்போதுகூட 17 வயதுப் பிள்ளைக்கு நாங்கள் பரிசோதிப்பதில்லை. முன்கூட்டித் தடுக்க மருந்து இல்லாத ஒன்றைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று 18 முடிந்த பிறகு அவள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், கின்சி வீதியில், மனித மரபணுப் பிரிவு இருக்கிறது. 1983 இலிருந்து இந்த வேலை செய்கிறார்கள், பரிசோதனைக்கு முன் உட்கார வைத்து ஆறுதலாகப் பேசுவார்கள். கணவரின் அறிக்கையின் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மகளைக் கூட்டிப்போக வேண்டாம். இரத்தம் கொடுக்க வேண்டியது நீங்கள்.